சொற்செயலியில் பாணிகள்: வரையறையும் மாற்றமும்

சொற்செயலியில் ஒரு தலைப்பைத் தலைப்பாகக் காட்ட இரண்டு வழிகள் உண்டு. அந்த வரியைத் தெரிவுசெய்து எழுத்துரு, அளவு, தடிமன், நிறம் என்று ஒவ்வொன்றாகக் கொடுப்பது ஒரு வழி. இந்த வரி ஒரு தலைப்பு என்று மட்டும் சொற்செயலிக்குத் தெரிவித்துவிட்டு, தலைப்புகள் எப்படித் தோன்ற வேண்டும் என்பதை வேறோர் இடத்தில் ஒரே முறை எழுதிவைப்பது மற்றொரு வழி. அச்சிட்ட தாளில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். திருத்தம் வரும்போதுதான் வேறுபாடு வெளிப்படும். முந்நூறு பக்க ஆய்வேட்டில் எண்பது உட்தலைப்புகள் 14 பாயிண்ட் அளவில் இருக்கின்றன என்று கொள்ளலாம். அவற்றை 13ஆகக் குறைக்கும்படி நெறியாளர் சொல்லிவிட்டால், முதல் வழியில் போனவர் எண்பது இடங்களையும் தேடித் தேடித் திருத்த வேண்டும். எப்படியும் இரண்டொன்று விடுபட்டுப் போகும். இரண்டாம் வழியில் போனவர் ஒரேயோர் எண்ணை மாற்றினால் போதும். அப்படி ஓரிடத்தில் பெயரிட்டு எழுதிவைக்கப்படும் வரையறையே பாணி. ஆங்கில மெனுக்களில் 'ஸ்டைல்ஸ்' என்ற தலைப்பின் கீழ் இருப்பது இதுதான்.

இந்த எண்ணம் தனிமனிதக் கணினி பரவலாவதற்கு முற்பட்டது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிரையன் ரீட் உருவாக்கிய ஸ்கிரைப் என்னும் ஆவண அமைப்பு, எழுதுபவர் பகுதிகளுக்குப் பெயர் மட்டும் கொடுத்தால் போதும், தோற்றத்தை வேறொரு கோப்பு பார்த்துக்கொள்ளும் என்ற பிரிவினையைத் தெளிவாக நிறுவியது. அதைப் பற்றிய அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு 1980இல் வந்தது. திரையில் தெரிவதே தாளிலும் வரும் என்ற மற்றொரு மரபு, ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் 1974இல் தொடங்கியது. பட்லர் லாம்ப்சன், சார்லஸ் சிமோனி முதலியோர் ஆல்ட்டோ கணினிக்காக எழுதிய பிராவோ அதன் தொடக்கம். சிமோனி 1981இல் மைக்ரோசாஃப்ட்டில் சேர்ந்தார். 1983இல் வேர்ட் வெளிவந்தது. டாஸ் காலத்து வேர்டிலேயே பாணித்தாள் என்ற ஏற்பாடு இருந்தது. பாணிகள் ஆவணத்துக்கு வெளியே தனிக் கோப்பில் கிடந்தன. இணையப் பக்கங்களுக்காக 1994இல் ஹோக்கோன் வியூம் லீ முன்மொழிந்து 1996இல் பரிந்துரையாக வெளியான சிஎஸ்எஸ் இதே கொள்கையின் இன்னொரு கிளை.

ஆனாலும் பெரும்பாலோர் முதல் வழியிலேயே போகிறார்கள். அதற்கு அவர்களை மட்டும் குறைசொல்ல முடியாது. தடிமன், சாய்வு, அடிக்கோடு ஆகிய மூன்று பொத்தான்களைத் திரையின் நடுவே வைத்துவிட்டு, பாணிகளின் வரையறையை இரண்டு மூன்று சாளரங்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தது மென்பொருள்தான்.

பாணிகளில் வகைகள் உண்டு. பத்திப் பாணி ஒரு பத்தி முழுவதையும் ஆளும்: எழுத்துரு, வரி இடைவெளி, பத்திக்கு முன்னும் பின்னும் விடும் இடம், உள்தள்ளல், ஒழுங்கமைப்பு எல்லாம் அதில் அடங்கும். எழுத்துப் பாணி பத்திக்குள் இருக்கும் சில சொற்களுக்கு மட்டும் உரியது: நூற்பெயர், அழுத்தம், கலைச்சொல் போன்றவை. பட்டியலுக்கும் அட்டவணைக்கும் தனித்தனிப் பாணிகள் உண்டு. லிபர் ஆஃபிஸ் ரைட்டரில் இவற்றோடு பக்கப் பாணியும் சட்டகப் பாணியும் சேரும். முன்னுரைப் பக்கங்களுக்கு ரோமன் எண், நூலின் உடலுக்குச் சாதாரண எண் என்று பிரிக்க, வேர்டில் ஆவணத்தைப் பிரிவுகளாக வெட்ட வேண்டும். ரைட்டரில் இரண்டு பக்கப் பாணிகள் போதும். இந்த ஒன்றில் ரைட்டரின் ஏற்பாடு சீரானது.

கோப்பின் உள்ளே பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 2007 முதல் வேர்டின் வழக்கமான கோப்பு வடிவமாக இருக்கும் டாக்எக்ஸ், உண்மையில் பல சிறு கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு பொதி. அதில் ஆவணத்தின் சொற்கள் ஒரு கோப்பிலும், பாணிகளின் வரையறைகள் இன்னொரு கோப்பிலும் இருக்கும். ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் 'இது முதல் நிலைத் தலைப்பு' என்பது போன்ற ஒரு சுட்டு மட்டுமே காணப்படும். எழுத்தின் அளவு அரைப் பாயிண்ட் கணக்கில் பதிவாகிறது. 12 பாயிண்ட் என்றால் கோப்பில் 24. இடைவெளிகள் பாயிண்டில் இருபதில் ஒரு பங்கு என்ற அலகில், அதாவது அங்குலத்துக்கு 1,440 என்ற கணக்கில், பதிவாகின்றன. வரையறைக் கோப்பில் ஓர் எண் மாறினால் அதைச் சுட்டும் பத்திகள் எல்லாம் மாறுவது இதனால்தான்.

ஒரு பாணி பெரும்பாலும் இன்னொன்றைச் சார்ந்து நிற்கும். வேர்டில் 'நார்மல்' என்ற பாணிதான் அடிநிலை. தலைப்புப் பாணிகளும் மேற்கோள் பாணியும் அதிலிருந்து கிளைக்கின்றன. சார்ந்து நிற்கும் பாணி, தான் மாறுபடும் கூறுகளை மட்டுமே பதிவுசெய்து வைத்துக்கொள்ளும். மற்றவற்றை அடிநிலையிலிருந்து எடுத்துக்கொள்ளும். நார்மலில் எழுத்துருவை மாற்றினால், எழுத்துருவைத் தனியாகக் குறிப்பிடாத எல்லாப் பாணிகளும் மாறிவிடும். தனியாகக் குறிப்பிட்டவை அசையாமல் நிற்கும். நார்மலில் உள்தள்ளல் கொடுத்த பிறகு தலைப்புகளும் அட்டவணைக் கட்டங்களும் பக்கக் குறிப்புகளும் உள்ளே நகர்ந்துவிட்டன என்று திகைப்பவர்கள் பலர். அது பிழையன்று, மரபுரிமை. ஆகவே நூலின் உடற்பகுதிக்கு நார்மலை நேரடியாகப் பயன்படுத்தாமல், அதைச் சார்ந்த 'பாடி டெக்ஸ்ட்' போன்ற தனிப் பாணியை வைத்துக்கொண்டு உள்தள்ளலையும் இடைவெளியையும் அதில் மட்டும் மாற்றுவது நல்லது.

ஒவ்வொரு பத்திப் பாணிக்கும் 'அடுத்த பத்தியின் பாணி' என்ற ஒரு புலமும் உண்டு. தலைப்பைத் தட்டச்சிட்டு என்டரை அழுத்தியதும் உடற்பகுதிப் பாணி தானாக வர வேண்டும் என்றால் அதை இங்கே குறிப்பிட வேண்டும். நாடகப் பிரதி எழுதுபவர் பாத்திரப் பெயருக்கு அடுத்து உரையாடல், உரையாடலுக்கு அடுத்து மீண்டும் பாத்திரப் பெயர் என்று இரண்டு பாணிகளைப் பிணைத்துவிட்டால், என்டரைத் தவிர வேறு விசையை நாட வேண்டியதில்லை.

மாற்றும் முறை இரண்டு. பாணியின் பெயர்மீது வலச் சொடுக்கிட்டு 'மாடிஃபை' என்பதைத் தெரிவுசெய்தால் வரையறைச் சாளரம் திறக்கும். மேலோட்டமான சில பொத்தான்களே முதலில் தெரியும். அடியில் இருக்கும் 'ஃபார்மட்' பொத்தானுக்குள்தான் எழுத்துரு, பத்தி, தத்தல், கரைக்கோடு, மொழி, எண்வரிசை, குறுக்குவிசை ஆகிய அனைத்தும் இருக்கின்றன. மற்ற முறையில், ஆவணத்திலுள்ள ஒரு பத்தியை வேண்டிய தோற்றத்துக்குக் கைப்பட மாற்றி, பிறகு பாணியின் பெயரில் வலச் சொடுக்கிட்டுத் தெரிவுக்கு ஏற்பப் புதுப்பிக்குமாறு கட்டளையிட வேண்டும். ரைட்டரில் எஃப்11 விசை பாணிப் பலகத்தைத் திறக்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டோடு அதே விசையை அழுத்தினால் பத்திக்கு ஏற்பப் பாணி புதுப்பிக்கப்படும். கூகுள் டாக்ஸில் இரண்டாம் முறைதான் வழி. அங்கே சாதாரண உரை, தலைப்பு, துணைத்தலைப்பு, ஆறு நிலை உட்தலைப்புகள் என்ற முன்னமைந்த தொகுதியின் தோற்றத்தை மாற்றிக்கொள்ளலாம். நீண்ட ஆவணங்களுக்கு அந்தத் தொகுதி சீக்கிரமே போதாமல் போகும்.

வேர்டின் மாடிஃபை சாளரத்தில் இரண்டு தேர்வுகளைக் கவனிக்க வேண்டும். 'இந்த ஆவணத்தில் மட்டும்' என்பதற்கும் 'இந்த வார்ப்புருவில் அமையும் புதிய ஆவணங்களிலும்' என்பதற்கும் இடையில் இருப்பது முதலாவது. பின்னதைத் தெரிவுசெய்தால் மாற்றம் வார்ப்புருவிலும் பதிவாகும். அது பொது வார்ப்புருவாக இருந்தால் இனித் திறக்கும் எல்லாப் புதிய ஆவணங்களும் அந்தத் தோற்றத்தில்தான் பிறக்கும். அலுவலகத்தில் பலர் பகிரும் கணினியில் இதை அழுத்துமுன் யோசிப்பது நல்லது. மற்றொன்று 'தானாகப் புதுப்பி'. இதற்குக் குறியிட்டால், அந்தப் பாணியிலுள்ள ஒரு பத்தியில் கைப்படச் செய்யும் மாற்றம் பாணியின் வரையறையையே மாற்றிவிடும். எங்கோ ஒரு மேற்கோளைச் சாய்வெழுத்தாக்க, நூலிலுள்ள மேற்கோள்கள் எல்லாம் சாய்ந்துவிடும். பொருளடக்க நிலைகளுக்கு வேர்டே இந்தக் குறியை இட்டுவைத்திருக்கிறது. அங்கே அது பொருத்தம். நார்மல் பாணிக்கு இந்த வாய்ப்பைத் தராமல் மறுத்திருக்கிறது. அந்த மறுப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

பாணியை மாற்றியும் சில பத்திகள் மாறுவதில்லை. காரணம் அடுக்குமுறை. ஆவணத்தின் பொது இயல்புகள் அடியில். அதற்கு மேல் அட்டவணைப் பாணி. பிறகு பத்திப் பாணி. அதன்மேல் எழுத்துப் பாணி. எல்லாவற்றுக்கும் மேல் கைப்படச் செய்த நேரடி வடிவமைப்பு. மேலடுக்கு கீழடுக்கை மறைக்கும். முன்பு எப்போதோ பொத்தானை அழுத்தி 14 பாயிண்ட் கொடுத்த பத்தி, பாணியில் 13 என்று மாற்றிய பிறகும் 14இலேயே நிற்பது இதனால்தான். வேர்டில் பத்தியைத் தெரிவுசெய்து கன்ட்ரோல், ஸ்பேஸ் அழுத்தினால் எழுத்தின் நேரடி வடிவமைப்பு நீங்கும். கன்ட்ரோல், க்யூ அழுத்தினால் பத்தியின் நேரடி வடிவமைப்பு நீங்கும். ரைட்டரில் கன்ட்ரோல், எம். எது எந்த அடுக்கிலிருந்து வருகிறது என்று தெரியாதபோது வேர்டின் 'ஸ்டைல் இன்ஸ்பெக்டர்' காட்டிக்கொடுக்கும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் துடைத்தால் ஆசிரியர் வேண்டுமென்றே தடிமனாக்கிய சொற்களும் போய்விடும். வேர்ட் இதற்கு ஒரு சூட்சுமம் வைத்திருக்கிறது. பத்திக்குப் புதிய பாணியைக் கொடுக்கும்போது, நேரடி வடிவமைப்பு பத்தியில் பாதிக்கு மேல் பரவியிருந்தால் அதை நீக்கும். பாதிக்குக் குறைந்திருந்தால் அது வேண்டுமென்றே கொடுத்த அழுத்தம் என்று கருதி விட்டுவைக்கும். பெரும்பாலும் சரியான ஊகம். மூன்றே சொற்களாலான பத்தியில் இரண்டு சொற்கள் தடிமனாக இருந்தால் மட்டும் ஊகம் தவறிப்போகும். இன்னொரு விசித்திரமும் உண்டு. தடிமனும் சாய்வும் வேர்டில் மாற்றி மாற்றி இயங்கும் பண்புகள். பத்திப் பாணியிலும் தடிமன், அதனுள் இருக்கும் எழுத்துப் பாணியிலும் தடிமன் என்றால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அந்தச் சொல் மெலிந்து நிற்கும். தடித்த தலைப்புக்குள் அழுத்தச் சொல் தனித்துத் தெரிய வேண்டும் என்ற நோக்கில் செய்த ஏற்பாடு அது.

தமிழில் எழுதுபவருக்கு இதற்கு மேலும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. வேர்டும் ரைட்டரும் ஒரு பாணிக்குள் ஒரே எழுத்துருவை வைப்பதில்லை. லத்தீன் எழுத்துக்கு ஒன்று, கிழக்காசிய எழுத்துக்கு ஒன்று, சிக்கல் வரிவடிவங்களுக்கு ஒன்று என்று தனித்தனிப் புலங்கள் வைத்திருக்கின்றன. அரபு, ஈபுரு, தேவநாகரி ஆகியவற்றோடு தமிழும் மூன்றாவதில் சேரும். எழுத்துரு மட்டுமன்று; அளவு, தடிமன், சாய்வு ஆகியவையும் அந்தப் புலத்துக்குத் தனியாகப் பதிவாகின்றன. தலைப்புப் பாணியைத் திறந்து அளவை 18 என்று மாற்றிவிட்டு, தமிழ்த் தலைப்பு சிறிதும் அசையவில்லையே என்று மலைப்பவர் மாற்றியது லத்தீன் புலத்தின் அளவாகத்தான் இருக்கும். வேர்டில் திருத்தத்துக்கான மொழிகளில் ஒன்றாகத் தமிழைச் சேர்த்திருந்தால்தான் எழுத்துருச் சாளரத்தில் அந்தத் தனிப் புலம் கண்ணில் படும். ரைட்டரில் விருப்பத் தேர்வுகளில் மொழி அமைப்புகளுக்குப் போய் அதை இயக்கிக்கொள்ளலாம். ஒரே வரியில் தமிழும் ஆண்டு எண்களும் கலந்து வரும்போது எண்கள் மட்டும் பெரிதாகவோ சிறிதாகவோ துருத்துவதும் இரண்டு புலங்களிலும் அளவு ஒத்துப்போகாததால் வருவது.

கேட்காமலே தமிழ் உரை லதா எழுத்துருவில் வந்து நிற்பதற்கும் விளக்கம் இருக்கிறது. வேர்டின் பாணிகள் பல நேரம் ஒரு குறிப்பிட்ட எழுத்துருவைச் சுட்டுவதில்லை. 'கருப்பொருளின் உடல் எழுத்துரு' என்று சுட்டுகின்றன. ஆஃபிஸின் கருப்பொருள் கோப்பில் ஒவ்வொரு வரிவடிவத்துக்கும் ஓர் எழுத்துரு ஒதுக்கப்பட்டிருக்கிறது. தமிழுக்கு ஒதுக்கியது விண்டோஸ் 2000 உடன் வந்த லதா. நிர்மலா யூஐ, நோட்டோ செரிஃப் தமிழ் போன்றவை வேண்டுமானால் பாணியின் சிக்கல் வரிவடிவப் புலத்தில் பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும். மாடிஃபை சாளரத்தில் மொழியைத் தமிழ் என்று குறித்துவைத்தால், தமிழை ஆங்கிலமாக எண்ணிச் சிவப்புக் கோடு இழுப்பதும் நிற்கும்.

ஆங்கில ஆவணங்களுக்காக வகுத்த முன்னமைவுகள் தமிழுக்கு அப்படியே பொருந்துவதில்லை. இகர ஈகாரக் கொக்கிகளும் மெய்யின் புள்ளியும் மேலே எழும். கு, ழு, ஞூ போன்றவை கீழே இறங்கும். வரி இடைவெளியில் 'துல்லியமாக' என்ற தேர்வைக் கொடுத்து எழுத்தின் அளவையே எண்ணாகவும் கொடுத்தால் மேலே எழும் கொக்கிகள் வெட்டுப்படும். 'குறைந்தது' அல்லது 'மடங்கு' என்பதே பாதுகாப்பு. சாய்வெழுத்து தமிழ் அச்சு மரபில் வேரூன்றியதன்று. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அதற்குத் தனி வடிவம் இல்லாததால் மென்பொருள் நேரான எழுத்தையே செயற்கையாகச் சரித்துவிடுகிறது. படிக்கக் கண் கூசும். 'எம்ஃபசிஸ்' என்ற எழுத்துப் பாணியைத் திறந்து சாய்வை எடுத்துவிட்டுத் தடிமனையோ வேறு நிறத்தையோ கொடுப்பது, தமிழ் ஆவணத்தில் செய்ய வேண்டிய முதல் மாற்றங்களில் ஒன்று. தடிமனுக்கும் எழுத்துருவில் தனி வடிவம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ண, ஞ, ழ ஆகியவற்றின் சுழிகள் மையால் அடைபட்டதுபோல் தோன்றும். இருபுறமும் சீராக்குவதும் தமிழின் நீண்ட சொற்களால் வரிகளுக்குள் பெரும் வெளிகளை உண்டாக்கும். ஒடுங்கிய பத்திகளில் இடது சீரமைப்பு மேல்.

பழைய கோப்புகள் வேறு வகை. ஒருங்குறிக்கு முன் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிட்டவை கணினியின் பார்வையில் தமிழே அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய உரை. எழுத்துரு மாறினால் தமிழ் மறைந்து பொருளற்ற ஆங்கில எழுத்துகள் எஞ்சும். பொதுவாக எழுத்துரு என்பது தோற்றம், உரையின் உள்ளடக்கத்தைத் தொடாதது. இக்கோப்புகளில் மட்டும் எழுத்துருதான் உள்ளடக்கம். இவற்றில் நேரடி வடிவமைப்பைத் துடைத்தாலோ பாணியின் எழுத்துருவை மாற்றினாலோ பக்கம் பக்கமாகக் குழம்பிவிடும். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியையும் டேஸ்16 குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. அதற்கு முந்தைய அலுவலகக் கோப்புகளில் பாணி வேலை தொடங்குமுன் உரையை ஒருங்குறிக்கு மாற்றியாக வேண்டும்.

கைப்பட வடிவமைத்த பெரிய ஆவணத்தைப் பாணிகளுக்கு மாற்றுவது சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் தேடி மாற்றும் சாளரம் பாதிப் பளுவை ஏற்கும். தேடும் இடத்தில் சொல் எதுவும் தராமல் '16 பாயிண்ட், தடிமன்' என்ற வடிவமைப்பை மட்டும் கொடுத்து, மாற்றும் இடத்தில் 'ஹெடிங் 1' பாணியைக் கொடுத்தால் போலித் தலைப்புகள் எல்லாம் உண்மைத் தலைப்புகளாகிவிடும். பத்திகளுக்கு இடையில் இட்ட வெற்று வரிகளையும் இதே வழியில் நீக்கிவிட்டு, அந்த இடத்தைப் பாணியின் 'பத்திக்குப் பின் இடைவெளி'யாகக் கொடுக்கலாம். தலைப்பு பக்கத்தின் அடியில் தனியே தொங்காமலிருக்க 'அடுத்ததோடு சேர்' என்ற குறி. இயல் புதுப் பக்கத்தில் தொடங்க 'முன் பக்க முறிவு' என்ற குறி. இவை பாணியில் இருக்கும்வரை எந்தத் திருத்தத்தாலும் குலையா.

தலைப்பு என்ற பெயர் பெற்ற பத்தியால் வேறு பயன்களும் உண்டு. வேர்ட் ஒன்பது நிலைத் தலைப்புகளைத் தருகிறது. அவற்றில் முதல் மூன்றைக் கொண்டு பொருளடக்கம் தானாக அமையும். வழிகாட்டுப் பலகத்தில் இயல்களை இழுத்து இடம் மாற்றலாம். பிடிஎஃப் ஆக மாற்றும்போது அதே பெயர்கள் புத்தகக்குறிகளாகவும் கட்டமைப்புக் குறிகளாகவும் போகின்றன. பார்வையற்ற வாசகர் திரைபடிப்பானில் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுவது இவற்றைக் கொண்டுதான். 16 பாயிண்ட் தடிமன் கொடுத்துத் தலைப்புபோல் காட்டிய வரி, கண்ணால் பார்ப்பவருக்குத் தலைப்பு. திரைபடிப்பானுக்கு அது இன்னொரு பத்தி.

பலர் எழுதிய இயல்களை ஒரே கோப்பில் சேர்க்கும்போது பாணிகள் மோதும். இரண்டு கோப்புகளிலும் 'ஹெடிங் 1' இருந்து வரையறைகள் வேறாக இருந்தால், வேர்டின் வழக்கமான அமைப்பில் உரையைப் பெறும் கோப்பின் வரையறையே நிற்கும். வந்து சேரும் உரை அதற்கு இணங்கிவிடும். பெயர்கள் வேறாக இருந்தால் இணக்கம் நிகழாது. 'தலைப்பு', 'தலைப்பு1', 'என் தலைப்பு' என்று மூன்றும் ஒரே பட்டியலில் வந்து குவியும். எனவே கூட்டு நூல்களில் எழுதத் தொடங்குமுன்பே ஒரு வார்ப்புருவை எல்லோருக்கும் அனுப்பி, அதிலுள்ள பெயர்களை மட்டுமே பயன்படுத்தச் சொல்வது பதிப்பாளரின் வேலை. பிந்திவிட்டால், பாணிகளை நிர்வகிக்கும் சாளரத்திலுள்ள இறக்குமதி, ஏற்றுமதி வசதியால் வார்ப்புருவின் வரையறைகளை ஒவ்வொரு கோப்புக்கும் படியெடுக்கலாம். வழிதவறிய பெயர்களில் உள்ள பத்திகளை மொத்தமாகத் தெரிவுசெய்து உரிய பாணிக்கு மாற்றிய பின், அந்தப் பெயர்களைப் பட்டியலிலிருந்து அழித்துவிடலாம்.